பிடியாணைக்கு அஞ்சி ஓடலாமா?

ஒருவன் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து வாரண்டு வந்திருக்கிறது என்னும் செய்தி ஊரில் பரவினால் போதும். அவன் குற்றவாளிதான் என்று ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். அவனோ வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். காவலர் வந்து கேட்டால், ‘ஊரில் இல்லை’ என்று சொல்லும்படி தாய்க்குச் சொல்லிவைக்கிறான். ஊரார் செய்வதும் தவறு. அவன் செய்வதும் தவறு. பிடியாணை என்பது தண்டனை அன்று, தீர்ப்பும் அன்று. தன் முன் வந்து நிற்கவேண்டிய ஒருவன் வரவில்லை, அவனைக் கொண்டுவருக என்று நீதிமன்றம் இடும் ஆணை அது. தானே நடந்து சென்று நிற்பவனுக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் தீர்ந்துவிடக்கூடிய தொல்லை, ஓடி ஒளிபவனுக்கு ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது. இன்று நான் விளக்க விரும்புவது இந்த ஒரு கருத்தைத்தான்.

மாணவர்களாகிய எங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்ப்புறங்களில், நீதிமன்றத்திலிருந்து வரும் தாளை எழுத்துக் கூட்டியேனும் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் நீங்கள் ஒருவரே. ஆத்தூர் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலனாகச் சில ஆண்டுகள் நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் கண்டவருள் கொடியவர் சிலரே. தாளைப் படிக்காதவரும், படித்தும் பொருள் விளங்காதவரும், விளங்கியும் அச்சத்தால் மறைத்து வைத்தவருமே பலர். ஆதலின் இவ்விளக்கம் உங்களுக்கே முதலில் உரியது.

பிடியாணை யாது, அது இருப்பதை எவ்வாறு அறிவது, அறிந்தபின் எவ்வாறு தீர்ப்பது என்னும் மூன்று வினாக்களையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

வழக்கு ஒன்று கோப்புக்கு எடுக்கப்பட்டதும் நடுவர் முதலில் அனுப்புவது பெரும்பாலும் சம்மன் எனப்படும் அழைப்பாணையே. இன்ன நாளில், இத்தனை மணிக்கு, இந்த நீதிமன்றத்திற்கு வருக என்பது அதன் செய்தி. அது முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டும், தக்க காரணமின்றி அவன் வாராதொழிந்தால், நடுவர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் பிடியாணை பிறப்பிக்கலாம். தலைமறைவாகிவிட்டான், அல்லது அழைத்தால் வரமாட்டான் என்று நம்ப இடமிருந்தாலும் அவ்வாறே செய்யலாம். பிணையில் வெளியே இருப்பவன், வருவதாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்த வாய்தா நாளில் வரத் தவறினாலும் பிடியாணை பிறக்கும்.

பிடியாணை இரு வகைப்படும். ஒன்று, பிணையில் விடத்தக்கது. பிணைத்தொகை எவ்வளவு, பிணை நிற்போர் எத்தனை பேர், எந்நாளில் வரவேண்டும் என்பன அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதன்படி பத்திரம் எழுதிக் கொடுத்தால் காவலர் அவனை விட்டுவிட வேண்டும். மற்றொன்று, பிணையில் விடமுடியாதது. இச்சொல்லைக் கேட்டு இனிப் பிணையே கிடையாது போலும் என்று பலர் மயங்குகின்றனர். பொருள் அதுவன்று. காவலர் தாமாகவே விட்டுவிட முடியாது. நீதிமன்றத்தின் முன் நிறுத்தவேண்டும். விடுவதா கூடாதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே பொருள். தனி மனிதனின் உரிமை அரியதாதலின், இயன்றவரை முதலில் சம்மன், அதற்கும் வாராதவனுக்குப் பிணையில் விடத்தக்க பிடியாணை, அதனையும் வேண்டுமென்றே தவிர்ப்பவனுக்கே மற்றது என்னும் படிமுறையை நீதிமன்றங்கள் கைக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு வழக்கில் அறிவுறுத்தியுள்ளது.

இதன் உட்பொருளை விளக்கச் சிலப்பதிகாரத்துக் கதையே போதும். கோவலன் பாண்டியன் அவைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவில் ஆணை பிறந்தது. கோவலன் நின்ற இடத்திலேயே வெட்டுண்டான். என்ன சொல்கிறாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணகி அவையேறி வழக்குரைத்தபோது தீர்ப்பு திரும்பிற்று. ஆயினும் போன உயிர் மீளவில்லை. இன்றைய பிடியாணை இதற்கு நேர்மாறானது. ஒருவனுடைய சொல்லைக் கேளாமல் வழக்கை முடிக்க விரும்பாத காரணத்தால்தான் நீதிமன்றம் அவனைத் தேடுகிறது. அந்த ஆணைக்கு அஞ்சி ஓடுபவன், தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பை விட்டு ஓடுகிறான்.

அமெரிக்க நாட்டில், கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் நீதிமன்றங்களில், வாராதவனைக் கொண்டுவரும்படி நீதிபதி தம் இருக்கையிலிருந்தே இடும் இத்தகைய ஆணைக்குப் ‘பெஞ்சு வாரண்டு’ என்றே பெயர். காவல்துறையினர் குற்றவாளி என ஐயுற்று வேண்டிப் பெறும் வாரண்டிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டவே அப்பெயர். நம் நாட்டில் தனிப் பெயர் இல்லை, நிலைமை ஒன்றே.

இனி, இந்த ஆணைக்கு அடிப்படையான சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் வந்துள்ளது. அந்நாளுக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படி தொடர்கின்றன. ஆகவே நீதிமன்றத் தாள்களில் இரு சட்டங்களின் பிரிவு எண்களையும் நீங்கள் காணக்கூடும். எண்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை. பழைய சட்டத்தின் 70ஆம் பிரிவு புதியதில் 72ஆம் பிரிவு. பிடியாணை எழுத்தில் இருக்கவேண்டும். நீதிபதி கையொப்பமிட்டிருக்க வேண்டும். நீதிமன்றத்தின் முத்திரை இருக்கவேண்டும். பிறப்பித்த நீதிமன்றம் நீக்கும் வரையிலோ, நிறைவேற்றப்படும் வரையிலோ அது செல்லும் என்று அப்பிரிவு கூறுகிறது.

கடைசியாகச் சொன்ன விதியை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிடியாணைக்குக் காலாவதி இல்லை. பத்தாண்டு கழிந்ததால் அது தானே மறைந்துவிடாது. தொலைவும் அதற்குத் தடையன்று. இந்தியாவின் எப்பகுதியிலும் அதனை நிறைவேற்றலாம். சேலத்தை விட்டுச் சூரத்துக்குப் போனாலும், நாமக்கல்லை விட்டு நாகபுரிக்குப் போனாலும் ஆணை பின்தொடரும்.

என்னிடம் படித்த ஒருவனுடைய செய்தியை இங்கே சொல்வது பொருந்தும். தலைவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மரவள்ளிக் காடு வைத்திருந்த குடும்பம் அவனுடையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், திருச்செங்கோட்டு முதலாளி ஒருவருடைய ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வண்டிகள் வடநாடு முழுதும் சுற்றுபவை. ஏறியவன் பல மாதம் கழித்தே ஊர் திரும்புவான். ஒரு விடுமுறையில் வந்தபோது, அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள், சாலையைக் கடந்த ஒருவர்மேல் மோதிவிட்டது. காயம் சிறிது. காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுப் பிணையில் வந்தான். சில நாளில் வண்டியும் திரும்பக் கிடைத்தது. வண்டி கிடைத்துவிட்டது, ஆகவே வழக்கு முடிந்தது என்று எண்ணி வடக்கே போய்விட்டான்.

வழக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. குற்றப்பத்திரிகை நீதிமன்றத்திற்குச் சென்றது. சம்மன் வீட்டுக்கு வந்தது. எழுத்தறியாத தந்தை அதனை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருந்த தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். மகன் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். தாளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், வளைகுடா நாட்டில் நல்ல வேலை ஒன்று கிடைக்கும் நிலையில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தான். காவல்துறை விசாரணையில் பழைய வழக்கும் அதன் மேலிருந்த பிடியாணையும் வெளிப்பட்டன. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி, குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவனுக்கும், கைது ஆணையோ சம்மனோ பிறந்துள்ளவனுக்கும் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். வேலைக்குச் சேரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரார் சிலர் வடக்கேயே இருந்துவிடு என்றனர். ஒருவர், ஆளைப் பிடித்துக் கோப்பையே மறைத்துவிடலாம், இருபதாயிரம் ஆகும் என்றார்.

அவன் என்னிடம் வந்தான். மறுநாள் ஒரு வக்கீலோடு நீதிமன்றத்திற்குச் சென்றோம். பிடியாணையைத் திரும்பப் பெறுமாறு மனுக் கொடுக்கப்பட்டது. எங்கே இருந்தாய், ஏன் வரவில்லை என்று நடுவர் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆணை திரும்பப் பெறப்பட்டது. வக்கீலோடு கலந்து, தன் தவறை ஒப்புக்கொண்டு, அடுத்த வாய்தாவில் அபராதம் செலுத்தினான். அத்தொகை அவனுடைய சில நாட் கூலியே. ஐந்தாண்டுகளாக அவன் தலைக்குமேல் தொங்கிய வழக்கு இரண்டு வாய்தாக்களில் முடிந்தது. எல்லா வழக்கும் இவ்வளவு எளிதில் முடியும் என்று சொல்ல நான் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா என்பதும் வக்கீலோடு எண்ணிச் செய்யவேண்டியது. ஆயினும் முதற்படி எல்லார்க்கும் ஒன்றே: நீதிமன்றத்தின் முன் செல்வது.

தந்தை வாங்கிய சம்மனைப் பற்றிச் சட்டம் சொல்வதும் நீங்கள் அறியத்தக்கது. அழைக்கப்பட்டவர் வீட்டில் அகப்படாவிட்டால், குடும்பத்தில் வயதுவந்த ஒருவரிடம் அதனைக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ‘வயதுவந்த ஆண்’ என்றிருந்தது. புதிய சட்டம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிவிட்டது. ஆகவே உங்கள் தாயிடமோ, பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் உங்களிடமோ கொடுத்தாலும் அது செல்லும். அவ்வாறும் கொடுக்க முடியாவிட்டால் வீட்டின் பலரறியும் பகுதியில் ஒட்டிவிட்டுச் செல்லலாம். கதவில் ஒட்டிய தாளைக் கிழித்து எறிவதால் அழைப்பு இல்லாமற் போய்விடாது.

ஓடுபவனுக்கு மேலும் என்ன நேரும்? பிடியாணையை நிறைவேற்ற முடியாதபடி அவன் தலைமறைவாகிவிட்டான் என்று நீதிமன்றம் கருதினால், முப்பது நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து, இன்ன இடத்தில் தோன்றுக என்று பகிரங்க அறிவிப்புச் செய்யலாம். அது அவன் ஊரில் யாவரும் அறியப் படிக்கப்படும். வீட்டிலும் நீதிமன்றத்திலும் ஒட்டப்படும். அதன் மேலும் சொத்தினைப் பறிமுதல் செய்து வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. பிணையில் வந்து பின் தக்க காரணமின்றி வாராதிருத்தல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க தனிக் குற்றம். அபராதத்தோடு போகக்கூடிய சிறு வழக்கு இவ்வாறு சிறை வழக்காக மாறுகிறது. அவனுக்குப் பிணை நின்ற மாமனோ, பெரியப்பனோ பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்டவேண்டி வரும். நம்பிக் கையெழுத்திட்ட உறவினரைத் தெருவில் நிறுத்துவது எவ்வகையிலும் முறையன்று.

இரண்டாம் வினாவுக்கு வருவோம்: பிடியாணை இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது? வீட்டில் பழைய தாள் ஏதேனும் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, காவல் நிலையத்தின் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் ஆகியவற்றில் ஒன்று கிடைத்தாலும் மற்றவற்றைத் தேடி எடுத்துவிடலாம்.

தாள் இல்லாவிட்டாலும் வழியுண்டு. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய மின்-நீதிமன்றத் திட்டத்தின் பயனாக, மாவட்ட நீதிமன்றங்களிலும் வட்ட நீதிமன்றங்களிலும் உள்ள வழக்குகளின் நிலையை இன்று எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். ‘இ-கோர்ட்ஸ்’ தளத்தில் தமிழ்நாடு, சேலம் மாவட்டம், ஆத்தூர் நீதிமன்ற வளாகம் எனத் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரையும் வழக்குப் பதிவான ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். காவல் நிலையத்தையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் இலக்கமும் கலந்த தனி அடையாள எண் ஒன்று உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னர்த் தேடுவது எளிது. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுவன. முருகேசன் என்னும் பெயரையே நான்கு விதமாக எழுதுவர். ஆதலால் பெயரின் முதற் சில எழுத்துக்களை மட்டும் கொடுத்துப் பார்ப்பது நலம். கிடைத்த வழக்கில் அடுத்த வாய்தா, வழக்கின் நிலை ஆகிய இரண்டையும் கவனியுங்கள். பிடியாணை நிலுவையில் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியவரும்.

இணையத்தில் காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது. ஊரும் ஆண்டும் தவறாகக் கொடுத்தால் வழக்கு அகப்படாது. உறுதியாக அறிய வேண்டுமானால், வக்கீல் ஒருவர் மூலம் நீதிமன்றத்துக் கோப்பைப் பார்ப்பதே முறை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நம் பக்கத்தில் பெருமாள், செல்வம், ராஜா என்னும் பெயருடையோர் தெருவுக்கு நால்வர் இருப்பர். பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு நடுங்கவும் வேண்டா. வேறொருவர்மேல் பழி சொல்லவும் வேண்டா. தந்தை பெயர், வயது, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் வினா, தீர்ப்பது எவ்வாறு என்பது. பிறப்பித்த நீதிமன்றமே பிடியாணையை நீக்க வல்லது. காவல் நிலையத்திலோ, ஊர்ப் பெரியவர் திண்ணையிலோ, கட்சி அலுவலகத்திலோ அதை முடிக்க இயலாது. வழக்குரைஞர் வழியே, பிடியாணையைத் திரும்பப் பெற வேண்டும் என்று மனுக் கொடுத்து, வழக்குக்கு உரியவர் தாமே நேரில் நிற்பது வழக்கம். வாராதிருந்த காரணத்தை மனுவில் சொல்லவேண்டும். நோயுற்றிருந்தால் மருத்துவச் சான்று, வெளியூரில் வேலையில் இருந்தால் அதற்கான சான்று, முகவரி மாறியிருந்தால் அதற்கான அத்தாட்சி ஆகியவற்றை இணைப்பது நலம். பொய்க் காரணம் சொல்வதைவிடச் சொல்லாதிருப்பதே மேல். நடுவர் மன நிறைவு கொண்டால் ஆணையைத் திரும்பப் பெறுவார். தேவையெனக் கண்டால் புதிதாகப் பத்திரமும் பிணையாளரும் கேட்பார். செலவுத்தொகை கட்டச் சொல்வதும் உண்டு. கடுங்குற்ற வழக்கிலும், பலமுறை தவறியவர் செய்தியிலும் மனுத் தள்ளப்பட்டு, காவலில் வைக்கப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகையோர் முன்கூட்டியே வக்கீலைக் கலந்துகொண்டு செல்லுதல் இன்றியமையாதது.

2022 ஜூலை 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய பெரும்பாலான குற்றங்களில், பிடியாணை நிறைவேற்றப்படுமுன் மனுக் கொடுத்து, அடுத்த வாய்தாவில் நேரில் வருவதாக உறுதி அளித்தால், ஆளை உடனே நேரில் வரும்படி வற்புறுத்தாமலேயே அதனை நீக்கவோ, பிணையில் விடத்தக்கதாகவோ சம்மனாகவோ மாற்றவோ செய்யலாம் என்பது அத்தீர்ப்பு காட்டும் வழி. ‘நிறைவேற்றப்படுமுன்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். காவலர் கையில் அகப்படுவதற்கு முன் செல்பவனுக்கே இச்சலுகை.

ஆணை திரும்பப் பெறப்பட்டதும் வேலை முடிந்தது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். மும்பையில் 2002ஆம் ஆண்டில் நடந்த செய்தி இது. பிடியாணை பிறந்த ஒருவர் நீதிமன்றம் சென்று அதனை நீக்கிக்கொண்டார். அவரும் ஒரு வழக்கறிஞரே. ஆயினும் சில நாளில், ஆகஸ்டு 15ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, அதே ஆணையின்மேல் கைது செய்யப்பட்டார். நீக்கப்பட்டுவிட்டது என்று சொன்னார்; காட்டுவதற்குத் தாள் கையில் இல்லை. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011இல் முடிந்தது. நீதிமன்றங்கள் பிடியாணைகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டும், நீக்கிய ஆணையின் நகலை உரிய அதிகாரிக்கு அனுப்பிப் பிடியாணையைத் திரும்ப வரவழைக்க வேண்டும், வழக்குக்கு உரியவருக்கும் ஒரு நகல் தரவேண்டும் என்று அப்போது நெறிகள் வகுக்கப்பட்டன. ஆகவே அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். மற்றொன்றைக் காவல் நிலையத்தில் நீதிமன்றப் பணி பார்க்கும் காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாய்தாவை மறவாதிருப்பதும் கடமை. அன்று வர இயலாத நிலை நேர்ந்தால், வழக்குரைஞர் மூலம் அன்றைக்கு மட்டும் வருகையிலிருந்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. கேட்டு இருப்பதும் கேளாமல் இருப்பதும் ஒன்றல்ல. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதிய உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பார் பலர். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அவர்களுக்காகவே இயற்றப்பட்டது. பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பு பாராமலும், ஏனையோர் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டும் இலவச வழக்குரைஞரைப் பெறலாம். வட்ட அளவிலும் இதற்குச் சட்டப் பணிகள் குழுக்கள் உள்ளன. 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியும் வழி கேட்கலாம்.

காவலர் வந்துவிட்டால் செய்வது என்ன? ஓடவோ தள்ளவோ கூடாது. ஆணையின் சாரத்தைச் சொல்லவேண்டியது காவலர் கடமை. கேட்டால் ஆணையைக் காட்டவும் வேண்டும். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண், பிணையில் விடத்தக்கதா என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தந்த உரிமை. தொலைவான மாவட்டத்தில் கைதானவரைப் பொதுவாக அவ்விடத்து நடுவர் முன் முதலில் நிறுத்துவர். பிணையில் விடத்தக்க குற்றமாயின் அவரே பிணை ஏற்கலாம். வீட்டில் இருப்போர் அழுது அரற்றுவதை விடுத்து, அக்குறிப்போடு வக்கீலிடம் விரைவதே உதவி.

அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள ஒரு வஞ்சகத்தையும் சொல்லாமல் விடமுடியாது. காவல் அதிகாரி போல உடையுடுத்துக் காணொளி அழைப்பில் தோன்றி, உங்கள்மேல் பிடியாணை இருக்கிறது, நீங்கள் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்யப்பட்டுள்ளீர்கள், பணம் அனுப்பினால் விடுவோம் என்று மிரட்டுவோர் பெருகியுள்ளனர். ஓய்வூதியம் பெறும் முதியோரும், படித்தவருமே இதில் மிகுதியாக ஏமாறுகின்றனர். அத்தகைய கைது நம் சட்டத்தில் எங்கும் இல்லை. சம்மனை மின்னணு வழியில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அதில் நீதிமன்ற முத்திரையின் உருவமோ மின்னணுக் கையொப்பமோ இருக்கவேண்டும். ஆயின் எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் பணம் கேட்டுப் பிடியாணையை நீக்குவதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்னும் எண்ணில் புகார் செய்யுங்கள். நீதிமன்றத்தைப் பற்றிய அறியாமையும் அச்சமுமே இவ்வஞ்சகர்களின் மூலதனம்.

அச்சம் நீங்கினால் மக்கள் தாமே முன்வருவர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், 2005 ஆகஸ்டில், பிடியாணை உள்ளோர் அச்சமின்றி வந்து சரணடையலாம் என்று ஒரு தேவாலயத்தையே இடமாக வைத்து அறிவித்தனர். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அங்கேயே காத்திருந்தனர். நான்கு நாளில் 800க்கு மேற்பட்டோர் தாமாகவே வந்தனர். அத்தனை பேரும் அதுவரை ஒளிந்து வாழ்ந்தவர்கள். வழி தெரிந்ததும், சொல்லைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வந்ததும் வந்துவிட்டனர். அந்த நம்பிக்கையை நம் வட்டாரத்தில் உண்டாக்கக் கூடியவர்கள் படித்த இளைஞர்களாகிய நீங்களே.

இறுதியாக, பிடியாணை குற்றம் சாட்டப்பட்டவர்க்கு மட்டும் உரியதன்று, சாட்சிக்கும் வரும். சாலை விபத்தையோ அடிதடியையோ கண்ட ஒருவர் சம்மனைப் புறக்கணித்தால் அவர் பெயருக்கும் அது பிறக்கலாம். சாட்சி வாராத வழக்கில், அடிபட்டவனுக்கும் நீதி இல்லை, பழி சுமந்தவனுக்கும் விடுதலை இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியிலோ அலமாரியிலோ நீதிமன்றத் தாள் ஏதேனும் இருக்கிறதா என்று பெற்றோரைக் கேளுங்கள். இருந்தால் அதனை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். வாய்தா நாளை நாட்காட்டியில் குறியுங்கள். நாள் கடந்திருந்தால், நாளையே தந்தையையோ தமையனையோ அழைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்துச் சட்டப் பணிகள் குழுவுக்குச் செல்லுங்கள்.